கண்ணன் காலும் பட்டாளமும்

என் தங்கை குடும்பம் சிங்கப்பூர்க்காரர்கள் ஆகி வெகுநாளாயிற்று. அந்த ஊரில் பையன்களுக்குப் பதினெட்டு வயது வந்தால் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர வேண்டும். மாட்டேன் என்றால் ஜெயில். போன வருஷம் அவள் பிள்ளையின் முறை. அவனோ லிஃப்ட் ஓடாவிட்டால் வீட்டுக்குப் போகாமல் கீழேயே உட்கார்ந்துவிடுகிற ரகம். என் பிள்ளை நேர் எதிர். யாரும் கூப்பிடாமலேயே ராணுவத்தில் சேர வேண்டும் என்று தினமும் விடியற்காலையில் கொள்ளிடக் கரையில் ஓடிக்கொண்டிருந்தான். எழுத்துப் பரீட்சை பாஸாகிவிட்டது. உடல் தகுதித் தேர்வுதான் பாக்கி.

ஸ்ரீஜயந்திக்குத் தங்கை பிள்ளையோடு ஸ்ரீரங்கம் வந்தாள். வந்ததும் நாங்கள் இருவரும் சக்கரத்தாழ்வார் சன்னதிக்குப் போனோம். தன் பிள்ளையை எடுக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். என் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று நான் வாயால் சொல்லிவிட்டு, மனசால் தங்கையின் வேண்டுதலிலேயே ஒட்டிக்கொண்டேன். கை நிறைய ஆயுதம் வைத்திருப்பவரிடம் போய் இதைக் கேட்கிறோமே என்று இருவருக்கும் தோன்றவில்லை.

பண்டிகையன்று மத்தியானம் கண்ணன் கால் போடுவதற்கு அரிசி மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். தங்கை செல்போனும் கையுமாக ஓடி வந்தாள்.

"அக்கா, தட்டைப் பாதமா இருந்தா உக்காந்து பாக்கற வேலை குடுத்துடுவாளாம். இவனுக்குப் பாத்துடலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் மாவைத் தாம்பாளத்தில் கொட்டினாள். பையன் அதில் காலை நனைத்துக் கூடத்தில் வைத்தான். நடுவில் அழகாக உள்வாங்கிய பாதம். இத்தனை வருஷத்தில் நான் போட்ட எந்தக் கண்ணன் காலும் அவ்வளவு லட்சணமாக அமைந்ததில்லை.

"அழுத்தி மிதிடா! இன்னும் அழுத்து!" என்று தங்கை அழுதாள். அவனும் கூடம் முழுக்க மிதித்தான். என் அகத்துக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்து, "இந்தக் கால் அளவுக்குக் கண்ணன் வந்தா சீடை பத்தாதே" என்றார்.

என் பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சித்தி, பட்டாளத்துக் கால் எப்படி இருக்கும்னு நான் காட்டறேன்" என்று தாம்பாளத்தில் இறங்கினான். தரையில் பதிந்தது தோசைத்திருப்பி மாதிரி இருந்தது. வளைவே இல்லை.

தங்கை அழுகையை நிறுத்தினாள். "நீ குடுத்து வெச்சவ அக்கா" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. அவன் ஈரத்துணியை எடுத்துத் தன் தடத்தை மட்டும் துடைத்தான்.

தேர்வில் ஓட்டத்தில் அவன்தான் முதல். பிறகு டாக்டர் காலைப் பார்த்தார், தட்டைப் பாதம் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். சிங்கப்பூர்க்காரன் இப்போது சீருடையில் போட்டோ அனுப்புகிறான். ஓட்டம் மட்டும் இன்னும் வரவில்லை. லீவு நாட்களில் என் பிள்ளைதான் வீடியோவில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். "தோளை இறக்குடா, மூச்சை அடக்காதே" என்று கூடத்தில் நின்று கத்துவான். பக்கத்து வீட்டு மாமி இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டாள்.

இந்த ஸ்ரீஜயந்திக்கு வாசலிலிருந்து கால் போட்டுக்கொண்டே உள்ளே வந்தேன். என் பிள்ளை சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வளைவு வேண்டாம்மா. தட்டையாவே போடு" என்றான். "கண்ணனையும் உன்னோடயே வெச்சுக்கலாம்."