தொண்ணூற்றாறாயிரம் சாம்பிளில் ஒரு மீன் கூவல்

நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து எங்கள் செங்கல்பட்டுத் தெருவுக்கு ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் அக்காவுக்குத் தொண்டையில் சின்னதாக ஒரு முடிச்சு. ஒரு மாதம் கத்தக்கூடாது, மீறினால் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு பழைய குரல் வருமா என்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் குரலுக்குத்தான் எங்கள் தெருவில் கதவுகள் திறக்கும். அக்கா ஒரு ஒலிபெருக்கி வாங்கி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நான் இணையத்தில் பேச்சுப் பதிவுகள் போடுகிறவன். கேட்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனால் கருவிகள் விலை உயர்ந்தவை.

“ஒரே தபா கத்துறேன் சார், புட்ச்சி போனுக்கு அனுப்பு. அப்பால வாயே தொறக்க மாட்டேன்.”

“நீயா? ஒன் வூட்டுக்காரரு எந்தக் கோயில்ல வேண்டிகினாரு?” என்றாள் என் மனைவி.

கருவி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: ஒரு நொடி ஒலியை எத்தனை முறை அளக்க வேண்டும், அதாவது எத்தனை சாம்பிள்? நாற்பத்துநாலாயிரத்து நூறு முறை அளந்தாலே மனிதக் காதுக்கு எட்டும் சத்தமெல்லாம் பதிவாகிவிடும். இதைப் பற்றி நான் புத்தகங்களே படித்திருக்கிறேன். படித்தவன் என்பதால் தொண்ணூற்றாறாயிரத்தைத் தேர்ந்தெடுத்தேன். வௌவால்களுக்கு மீன் விற்கும் உத்தேசம் அக்காவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

“சங்கரா, நெத்திலி, காணாங்கத்தேய்ய்” என்று ஒரே மூச்சில் கூவிவிட்டு, வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். பதிவை இணையத்தில் ஏற்றி, லிங்கை அவர் போனுக்கு அனுப்பினேன். கோப்பு கனமானது. அவர் போனில் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. இறங்கிய பிறகு மெமரி கார்டில் ஏற்றிச் சொருகினால், ஒலிபெருக்கி அதை வாசிக்க மறுத்து, விளக்கை மட்டும் சிமிட்டியது.

சரி, பாதியாக்கினால் போயிற்று என்று மென்பொருளில் 96,000 என்றிருந்த இடத்தில் 48,000 என்று தட்டி மறுபடி அனுப்பினேன். கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டுப் பார்ப்பதெல்லாம் தன்னம்பிக்கை இல்லாதவர்கள் வேலை.

மறுநாள் நண்பகலில் அக்கா வாசலில் நின்றார். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

“இன்னா சார் பண்ணி வச்சிகீற? எவனோ தூக்கத்துல பொலம்புற மாரி கீது. பழைய இரும்பு வாங்க வந்தவன்னு நெனச்சி ஒருத்தரும் கதவ தொறக்கல. மூணு தெருவுல நானே கத்திட்டேன்.”

நான் மாற்றியது எண்ணை மட்டும்தான். எடுத்த அளவுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றைப் பாதி வேகத்தில் வாசிக்கும்படி உத்தரவு போட்டிருந்தேன். குரலும் பாதியாக இறங்கி ஆண் குரலாகிவிட்டது. இறங்கியது இருக்கட்டும், அந்த மூன்று தெருவுக்கு அவர் தொண்டை என்ன விலை கொடுத்ததோ தெரியவில்லை. மறுபடி ஒருமுறை கூவச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல வேளை, மூலப்பதிவை அழிக்கவில்லை.

சாம்பிளை முறையாக மாற்றித் தருவதற்கென்றே அதே மென்பொருளில் தனியாக ஒரு வசதி இருந்தது. நாற்பத்துநாலாயிரத்து நூறுக்கு மாற்றி, சாதாரண எம்பி3 ஆக்கினேன். அந்த ஒலிபெருக்கிக்கு அதில் பாதியே தாராளம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இந்த முறை மூன்று தடவை கேட்டேன். அக்காவும் தலையாட்டினார்.

அடுத்த நாள் தெருமுனையிலேயே அந்தக் குரல் கேட்டது. மனைவி பாத்திரத்தோடு ஓடினாள். அக்கா உதட்டை இறுக்கி மூடியபடி விரல்களால் விலையைக் காட்டினார்.

“அநியாயமா கீதே,” என்றாள் மனைவி. அக்கா அதே விரல்களை மறுபடி காட்டினார். “சரி, காத்து அடிக்குது, படகு கடலுக்குப் போவல, அதானே நீ சொல்லுவ?” அக்கா தலையாட்டினார். “டீசலும் ஏறிப்போச்சு, அதுவும் தெரியும்.” அதற்கும் தலையாட்டல். இரண்டு பக்கத்துக்கும் தானே பேசிப் பார்த்து, என் மனைவி தோற்றுப்போய், அதே விலைக்கு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.