அத்தா பக்கத்தில் இருந்தபோது சொன்ன பொய்

"சிகரெட், பீடி ஏதும் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டபோது என் அத்தா (அப்பா) பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இல்லை" என்றேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. செல்லூரில் லுங்கிக் கடை வைத்திருக்கிறேன். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் அத்தா முன்னால் சிகரெட் என்ற சொல்லைக்கூட நான் வாயில் எடுத்ததில்லை. முப்பது வருடமாகக் கடைக்குப் பின்சந்தில் புகைத்துவிட்டு, கிராம்பைக் கடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தவன்.

இரண்டு மாத இருமல். ஒரு காலையில் சளியில் ரத்தம். ஸ்கேனில் வலது நுரையீரலில் கட்டி. பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து துணுக்கு எடுப்பது) செய்ததில் புற்றுநோய் என்று வந்தது. எலும்புக்கும் போய்விட்டதால் ஆபரேஷன் முடியாது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். புகைக்காதவர்களுக்கு வரும் கட்டியில் பல சமயம் ஒரே ஒரு மரபணு (உடம்பின் செல்லுக்குள் இருக்கும் கட்டளை) கெட்டுப்போய், அதுவே கட்டியை வளர்க்குமாம். அது தெரிந்தால் மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாமாம். "துணுக்கு ரொம்பக் கொஞ்சம். புகைப்பழக்கம் இல்லைங்கறீங்க, அதனால முதல்ல அந்த மாதிரி மரபணுக்களைப் பார்ப்போம்" என்றார்.

"பழக்கமே இல்லாதவனுக்கு எப்படிம்மா வருது?" அத்தா கேட்டார்.

"பல காரணம் இருக்கலாம் ஐயா. வீட்ல மத்தவங்க விடுற புகையும் ஒண்ணு."

அத்தா தலையைத் தொங்கப்போட்டார். "அப்ப நான்தாம்மா. இவன் சின்னப் புள்ளையா இருக்கும்போது வீட்டுக்குள்ளயே பீடி குடிப்பேன்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

சோதனை முடிவு வர இருபது நாள் ஆனது. கடையில் உட்கார முடியவில்லை. மடித்த லுங்கியையே பிரித்துத் திரும்ப மடித்தேன். போன் அடிக்காதபோதே எடுத்து எடுத்துப் பார்த்தேன். அத்தா தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். நான் இருமும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். நோயைவிட அந்த முகத்துக்குத்தான் பயந்தேன். அதைப் பார்த்துக்கொண்டும் ஊமையாக இருந்த என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

தேடிய மரபணு மாற்றம் எதுவும் இல்லை. துணுக்கும் தீர்ந்துவிட்டது. "இன்னொரு தடவை ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அத்தா மெதுவாகக் கேட்டார்: "என் நுரையீரல எடுத்து இவனுக்கு வைக்க முடியுமாம்மா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அத்தா, நான் சிகரெட் குடிச்சிருக்கேன். முப்பது வருசமா."

"எம்புட்டு?"

"தினம் ஒரு பாக்கெட்டு."

அத்தா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இருவது நாளா நான் சோறு திங்காமக் கெடந்தேனேடா. பாத்துக்கிட்டுத்தானடா இருந்த?"

டாக்டர் அறை என்றும் பாராமல் அழுதேன். டாக்டரம்மா திட்டவில்லை. பைலில் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

இரண்டாவது துணுக்கை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சோதித்தார்கள். 'கேராஸ்' என்ற மரபணு மாறியிருந்தது. கூடவே இன்னும் எத்தனையோ சிதைவுகள், சிகரெட் புகை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தவை. இத்தனை சேதமுள்ள செல்லை உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிலருக்கு எளிதாக அடையாளம் காணும் என்பதால் கீமோவுடன் இம்யூனோதெரபியும் (எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) தொடங்கினார்கள். எல்லாருக்கும் பலிக்காது என்பதையும் டாக்டரம்மா சேர்த்தே சொன்னார்.

இதே நாற்காலியில் நாளை உட்காரப்போகிறவருக்குச் சொல்கிறேன். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் உண்மையைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நான் மறைத்த நாட்களிலும் கட்டி சும்மா இருந்திருக்காது.

இப்போது எனக்கு மாதம், வாரம் எல்லாம் போய், மூன்று வாரத்துக்கு ஒரு ட்ரிப் (நரம்பு வழியாக மருந்து ஏற்றுவது) என்றுதான் காலம் நகர்கிறது. கட்டி சுருங்கியிருக்கிறது, போகவில்லை. கடைப் படியேறும்போது என் மூச்சு எனக்கே கேட்கிறது. வீட்டு வாசலில் கை இன்னும் சட்டைப்பையில் கிராம்பைத் தேடுகிறது.

ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அத்தா கூடவே வருகிறார். போன முறை புது நர்ஸ் ஒருவர் படிவத்தோடு வந்து, "புகைப்பழக்கம் உண்டா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அத்தா வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்:

"முப்பது வருசம். தினம் ஒரு பாக்கெட்டு. எழுதிக்கம்மா."

நர்ஸ் எழுதி முடித்து நகரப்போனார். அத்தா அவரை நிறுத்தினார்.

"நான் பீடி குடிச்சதையும் அதுலயே எழுதிக்கம்மா."