அரை நிமிஷம் பின்னால் வரும் அண்ணன்

என் அண்ணன் மகளுடைய நிக்காஹை லைவ் போடுகிற வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். டிவி ரிமோட்டில் பேட்டரி மாற்றுவதற்கே வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

அண்ணன் துபாய்ப் பக்கம் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தார். இதோ அதோ என்று இழுத்தடித்துவிட்டுக் கடைசி நேரத்தில் கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். அந்த ஊரில் வாட்ஸப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது, அடைத்து வைத்திருக்கிறார்கள். எழுதலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம், யாராவது லைவ் போட்டால் பார்க்கலாம். "எல்லாத்தையும் போட்டோலயே பார்த்துட்டேன் தங்கச்சி. பள்ளிக்கூடம் போனது, காலேஜ் போனது, பட்டம் வாங்குனது, எல்லாம் போட்டோ. சம்மதம்னு அவ சொல்றத மட்டுமாச்சும் அப்பவே காதால கேக்கணும்" என்று குரல் அனுப்பியிருந்தார். கேட்ட கையோடு, "லைவு இன்னா பெரிய லைவு? நான் போடறேண்ணே" என்று பதில் அனுப்பிவிட்டேன்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, பெண் அவள் அத்தாவோடு, அதாவது என் அண்ணனோடு, பேசுவதில்லை. "கல்யாணத்துக்கே வராதவரு எங்கிட்ட பேசவும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அவர் அனுப்பிய குரலெல்லாம் அவள் போனில் திறக்காமலே கிடந்தது. இன்னொன்று, எங்கள் நிக்காஹில் மாப்பிள்ளை கீழே ஆண்கள் பக்கம், பெண் மாடியில் பெண்கள் பக்கம். வக்கீல் என்று ஒருத்தர் இரண்டு சாட்சிகளோடு மாடிக்கு வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு போவார். கோர்ட் வக்கீல் இல்லை, பெண்ணின் அத்தா சார்பில் கேட்கிற சொந்தக்காரர். இந்தக் கல்யாணத்துக்கு வக்கீல் எங்கள் வீட்டுக்காரர். கீழே படம் பிடிக்க ஸ்டூடியோக்காரர் உண்டு. மாடிக்கு அவர் வரக்கூடாது. அதனால் மாடி என் பொறுப்பு.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போய், "லைவுக்கு இன்னா இன்னா வேணும்?" என்று கேட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. கடைக்காரருக்கு அன்றைக்குப் பெருநாள். போனை நிறுத்த மூணு கால் ஸ்டாண்டு, துணியில் குத்திக்கொள்கிற சின்ன மைக்கு, பெரிய தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்ட விளக்கு என்று எடுத்து அடுக்கினார். "இந்த லைட்டப் போட்டா முகமெல்லாம் பளிச்சுனு வரும்க்கா" என்றார். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முகத்தக் காட்டவா எடுத்துக்கினு வந்த? அந்த லிங்க்கு எவன் எவன் கைக்குப் போவுமோ. பொம்பளைங்க முகம் ஒண்ணுகூட வரக்கூடாது. பொண்ணு முகமும் சேத்துதான் சொல்றேன்." அரை நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில், மடியில் வைத்திருக்கிற மருதாணிக் கை மட்டும் தெரியட்டும், குரல் மட்டும் கேட்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். வட்ட விளக்கு சமையல்கட்டுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அண்ணி அந்த வெளிச்சத்தில்தான் மீன் ஆய்கிறார்.

அப்புறம் ஒத்திகை. பெண் உட்கார மாட்டேன் என்றாள். சரி போ என்று அவளுடைய வளையல்களை மாட்டிக்கொண்டு நானே பெண்ணாக உட்கார்ந்தேன். அண்ணன் அங்கே லாரியை ஓரம் கட்டிவிட்டு லைவைத் திறந்திருந்தார். திரையில் எழுதித்தான் பதில் சொல்லுவார். எழுதுவதிலும் மகா சிக்கனம். ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் ஒரு கட்டைவிரல் படம்.

"படம் மங்கலா இருக்காண்ணே?" என்று கேட்டேன். பதிலே இல்லை. கொஞ்சம் பொறுத்து, "சத்தம் இரைச்சலா வருதா?" என்றேன். டக்கென்று "ஆமா" என்று வந்தது. மைக்கைக் கழற்றித் துடைத்து வேறு இடத்தில் குத்தினேன். "இப்ப கேக்குதா?" என்றேன். "இல்ல" என்று வந்தது.

கேட்கவே இல்லையாம்! எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். வளையலைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய், "செத்துப்போன மைக்க என் தலையில கட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினேன். கடைக்காரர் அதைத் தன் போனில் மாட்டிப் பார்த்தார். அது ஜோராகப் பேசியது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு மைக்கு கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் மறுபடியும் அதே கூத்து. மறுபடியும் கடை, மறுபடியும் கத்தல், மறுபடியும் புது மைக்கு.

மூன்றாவது மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த அண்ணி, அண்ணனுக்கு என்னதான் தெரிகிறது என்று பார்க்கத் தன் போனில் லைவைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. பலமாகத் தும்மி, மூக்கைத் துடைத்து, தண்ணீரும் குடித்து முடித்துவிட்டேன். அப்புறம்தான் அண்ணி கையிலிருந்த போன் தும்மியது.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இங்கே நடப்பது அங்கே போய்ச் சேர அரை நிமிஷம் ஆகிறது! அண்ணன் பாவம், கேட்டதுக்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். நான்தான் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். மங்கலாக இருந்தது படம்தான். லென்ஸில் என் விரல் ரேகை. அண்ணி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். நான் இன்றைக்கும் அந்தக் கடை வந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கமாக நடக்கிறேன்.

அடுத்தது சிக்னல். எங்கள் வீட்டுக்காரர் வேனில் பிளாஸ்டிக் சாமான் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைச் சந்தைகளுக்குப் போகிறவர். "மலையில எடுக்கிற சிம்மு ஊர்ல எடுக்காம இன்னா பண்ணும்?" என்று தன் சிம்மைப் போட்ட வைஃபை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணத்தன்று மண்டப மாடியில் அது ஒரு கோடுகூட எடுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அதை ஒரு கேரி பேக்கில் போட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டார். மலையில் பலாமரக் கிளையில் இப்படித்தான் போனைக் கட்டி சிக்னல் பிடிப்பார்களாம். மண்டபத்து ஜன்னலிலும் சிக்னல் வந்து தொலைத்தது. அதிலிருந்து அவருக்கு ரொம்பத்தான் கிராக்கி.

கீழே நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத்தும் மாப்பிள்ளையும் உட்கார்ந்துவிட்டார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் மைக்கைப் பெண்ணின் முக்காட்டில் குத்தி, "கைய ஆட்டாத, வளையல் சத்தம்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு லைவைத் திறந்தேன். அண்ணனின் கட்டைவிரல் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு சாட்சிகளோடு ஏறி வந்தார். பெண்களெல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவர் தொண்டையைச் செருமி, மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, அவர் பெண்ணுக்குக் கொடுக்கிற மஹரைச் சொல்லி, "சம்மதமாம்மா?" என்று கேட்டார்.

பெண் தலையாட்டினாள்.

"ஆட்டிட்டா, ஆட்டிட்டா! முடிஞ்சிது" என்று பெண்கள் சந்தோஷமாகச் சத்தம் போட்டார்கள். ஆண்கள் படி இறங்கத் திரும்பினார்கள். நான் போனைப் பார்த்தேன். அதில் இரண்டு மருதாணிக் கைகள் அசையாமல் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"நில்லுங்க!" என்று ஓடிப்போய்ப் படிக்கட்டை மறித்தேன். "இன்னா முடிஞ்சிது? இவ ஆட்டுனது எங்கண்ணனுக்கு எப்பிடித் தெரியும்? அவரு பாக்கறதுல தலையே இல்லியே!"

"ஏம்மா, மார்க்கத்துல தலையாட்டுனா போதும்" என்றார் வீட்டுக்காரர்.

"மார்க்கத்துக்குப் போதும். எங்கண்ணனுக்குப் போதாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் நிற்கவா போகிறது? அழுதுகொண்டே பெண்ணிடம் போனேன். "கோவத்த ஊருக்கு வரும்போது அவருகிட்ட நேரா காட்டிக்கடி. இப்ப வாயத் தொறந்து சொல்லு. இந்த ஒரு வார்த்தைக்காக ரோட்டோரமா லாரிய நிறுத்திட்டு உக்காந்துக்கினு இருக்காரு."

 அவள் மைக்கை முக்காட்டிலிருந்து பிடுங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அத்தா, சாப்ட்டீங்களா?"

 எங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்த சாட்சியிடம், "இது சம்மதத்துல சேருமா?" என்று கவலையாகக் கேட்டார். அண்ணி அழுதுகொண்டிருந்தவர் பட்டென்று சிரித்துவிட்டார். பெண்ணும் சிரித்தாள். அப்புறம் தெளிவாக, அவள் கையில் மைக்கே இல்லாவிட்டாலும் கீழே வரைக்கும் கேட்டிருக்கும், அப்படிச் சொன்னாள்.

"சம்மதம், அத்தா."

வீட்டுக்காரர் ஒரு காலைப் படியில் வைத்தார். நான் பார்த்த பார்வையில் அந்தக் காலை எடுத்துவிட்டார். எல்லாரும் போனைச் சுற்றி நின்றோம். கட்டைவிரல்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அது வரவில்லை. அவள் முதலில் கேட்டதற்குப் பதில் வந்தது. நான்தான் உரக்கப் படித்தேன்.

"இன்னும் இல்லம்மா. நீ சொல்லட்டும்னு இருந்தேன்."

அதற்குப் பின்னாலேயே கட்டைவிரல்களாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. பெண் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. மைக்கில், "போய் சாப்டுங்க மொதல்ல" என்று அதட்டினாள். கீழேயிருந்து, "ஹஜ்ரத் காத்துக்கினு இருக்காரு, இன்னா ஆச்சு?" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் சொன்னது அங்கே போய்ச் சேர இன்னும் அரை நிமிஷம் இருந்தது. "காத்துக்கினு இருக்கட்டும்" என்றேன்.