பதுங்குகுழிக்குப் பூட்டுப் போட்ட கதை

ஓம், அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லைத்தான். வாறவை எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்கினம்: "நீங்கள் ஒரு பிற்றர், இரும்பு வேலை தெரிஞ்ச மனிசன், உங்கட லைனில இருக்கிற பதுங்குகுழிக்கு ஒரு பூட்டுப் போடேலாதோ?" போட்டனான். ஒண்டில்லை, மூண்டு விதமாப் போட்டுப் பாத்தனான். பூட்டு வேலையில உள்ள கரைச்சல் என்னெண்டால், பூட்டச் சொல்லுறதும் திறக்கச் சொல்லுறதும் ஒரே ஆக்கள்தான், நேரம் மட்டும்தான் வேற. ஒரு பூட்டின்ரை திறப்பை நாலு பேரோட பங்குபோட்டு அந்தரப்பட்டவைக்கு இது சொல்லாமலே விளங்கும்.

துறைமுகம் முழுக்க வெள்ளைக்காரன்ரை யுத்தக் கப்பல். எப்ப குண்டு விழுமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில ஒரு குழி வெட்டி, மேல மரக்குத்தி அடுக்கி, மண் மூட்டை போட்டு, ஒரு கதவும் வைச்சுத் துறைமுகக்காரர் தந்தினம். உள்ளுக்கு ஒரு பீப்பாய் தண்ணி, ரெண்டு லாந்தர், போர்வை, மருந்துப் பெட்டி. ரெண்டு கிழமைக்குள்ள லாந்தர் ஒண்டைக் காணேல்லை, போர்வையில பாதியைக் காணேல்லை. பூட்டு வேணுமெண்டு எல்லாரும் என்னைப் பிடிச்சுக்கொண்டினம்.

அப்ப என்ரை மனிசி பூமணிக்கு வயித்தில ஆறு மாசம். வீட்டிலயிருந்து குழிக்கு அவவுக்கு ரெண்டு நிமிச நடை. வேலைத்தளத்திலயிருந்து எனக்கு அரை மணித்தியாலச் சைக்கிள் ஓட்டம். சைரன் ஊதேக்க அந்தக் கதவு அவவுக்குத் திறந்திருக்குமோ, பூட்டிக் கிடக்குமோ? கையில அரம் இருக்கும், காது வெளியிலதான் இருக்கும்.

ஒரே ஒரு திறப்பு

செல்லத்துரையர் எங்கட லைனுக்கு வாடன். சைரன் ஊதினால் ஆக்களைக் குழிக்குள்ள அனுப்புறது அவற்றை வேலை. முந்தி ரோட்டு ஓவசியராய் இருந்த மனிசன், கட்டளை போட்டே பழக்கம். "திறப்பு ஒண்டுதான் இருக்கோணும். அது என்னட்டத்தான் இருக்கோணும்" எண்டு சொல்லிப்போட்டார். நானும் நல்ல பித்தளைப் பூட்டொண்டு செய்து குடுத்தன். திறப்பை அரைஞாண் கயித்தில முடிஞ்சுகொண்டார்.

ஒத்திகைக்குச் சைரன் ஊதின அண்டைக்கு ஆள் கன்னியாவில, வெந்நீர்க் கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறார். இஞ்ச லைன் ஆக்கள் முழுப்பேரும் பூட்டின கதவுக்கு முன்னால, வெயிலுக்க. பூமணி நாரியில கையை வைச்சுக்கொண்டு ஒரு மண் மூட்டையில இருந்தவவாம். ஆபத்து நீங்கின சைரனும் ஊதி முடிஞ்சு, ஆக்கள் வீட்டுக்குத் திரும்பேக்க, ஈரத் தலையோட சைக்கிளில வந்து இறங்கினாராம் செல்லத்துரையர். மற்றவை வாய் திறக்க முந்தியே இடுப்பைத் தடவிப் பாத்துச் சொன்னாராம்: "ஒருத்தரும் பயப்படாதேங்கோ, திறப்பு பத்திரமா இருக்கு!"

வீட்டுக்கொரு திறப்பு

அதுக்குப் பிறகு கூட்டம் வைச்சு, வீட்டுக்கொரு திறப்பு எண்டு முடிவாச்சுது. லைனில எட்டு வீடு. எட்டுத் திறப்பு வெட்டிக் குடுத்தன். அடுத்த நாளே ஒருத்தர் தனியா வந்தார். "அண்ணை, மனிசி கிணத்தடிக்குப் போகேக்க திறப்பைக் கொண்டு போயிடுறா. எனக்கு இன்னொண்டு வேணும். மற்றவைக்குச் சொல்லாதேங்கோ." சரியெண்டு வெட்டிக் குடுத்தன். பின்னேரம் அவற்றை மாமியார் வந்தா. அவவும் மற்றவைக்குச் சொல்லாதேங்கோ எண்டா. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அதுதான் நான் விட்ட பிழை. எல்லாரும் தங்களிட்ட மட்டும்தான் ரெண்டாவது இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தினம்.

ஒரு மாசத்தில பதினேழு திறப்பு ஊருக்குள்ள திரிஞ்சுது. பீப்பாய்க் குழாயையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். கதவில ஒரு கீறல் இல்லை, பூட்டு மரியாதையாப் பூட்டித்தான் கிடந்தது. கிண்ணியாக்காரர் ஹனீபா நானா எங்கட வேலைத்தளத்தில ஸ்டோர் பாக்கிறவர், லைனில கடைசி வீடு. பூட்டைக் கையில வைச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டுச் சொன்னார்: "பிற்றர், நம்மட ஆள் ஒருத்தன்தான் எடுத்திரிக்கான். கள்ளனுக்கெண்டு தனியா நீங்க திறப்பு வெட்டத் தேவையே இல்ல."

மூண்டாம் பலகை

செல்லத்துரையர் விடேல்லை. "திறப்பே வேண்டாம். இரகசியக் கொண்டி ஒண்டு போடுங்கோ, எங்கட ஆக்களுக்கு மட்டும் தெரிஞ்சால் காணும்." இராப்பள்ளிக்கூடத்தில இயந்திரப் படம் கீறப் படிச்சது அண்டைக்குத்தான் உதவிச்சுது. மூண்டாம் பலகைக்குக் கீழ ஒரு மர ஆப்பு, அதை உள்ளுக்குத் தள்ளினால் கொண்டி விழும். வெளியில ஒண்டும் தெரியாது. எனக்கே அதில ஒரு பெருமை.

ஆனால் இரகசியத்தை எட்டு வீட்டுக்கும் படிப்பிக்கோணுமே. செல்லத்துரையர் எல்லாரையும் கதவடிக்குக் கூப்பிட்டு, கூட்டத்துக்குப் பேசிற குரலில, "மூண்டாம் பலகை! கீழ! உள்ளுக்கு!" எண்டு மூண்டு தரம் சொல்லிக் குடுத்தார். ரோட்டால போனவையும் நிண்டு கேட்டிட்டுப் போச்சினம்.

அடுத்த ஒத்திகைக்குப் பூமணிதான் முதல்ல போய்ச் சேந்தவ. குனிய ஏலாது, பதட்டத்தில ஆப்பும் பிடிபடேல்லை. பின்னால சல்லிக் கிராமத்திலயிருந்து மீன் கொண்டு வாற மனிசி கூடையோட வந்து நிண்டு, ஒரு கையை நீட்டி டக்கெண்டு திறந்துவிட்டிட்டு, "ரெண்டாம் பலகை இல்லைப் பிள்ளை, மூண்டாவது. மூதூர் வரைக்கும் தெரியும், உமக்குத் தெரியாதோ?" எண்டா.

எல்லாரும் கள்ளராகுங்கோ

அடுத்த கூட்டத்துக்குப் பூமணியும் வந்தா. எல்லாரும் கொண்டியைப் பற்றியும் ஆப்பைப் பற்றியும் பிடுங்குப்பட்டுக்கொண்டு இருக்கேக்க எழும்பி நிண்டு கேட்டா: "கதவு திறந்து கிடந்தால் ஒரு லாந்தர் போகும். கதவு பூட்டிக் கிடந்தால் என்ன போகும் எண்டு ஆரும் யோசிச்சனீங்களோ?" ஹனீபா நானாதான், "கள்ளன் பூட்டுக்குப் பயமில்ல, நாலு பேர் பாக்கிறதுக்குத்தான் பயம்" எண்டார். கழிவு இரும்புக்குள்ள கிடந்த ஒரு பழைய கப்பல் மணியைப் பிறகு தேடி எடுத்தும் தந்தார்.

பூட்டைக் கழட்டினன். கண்ணுக்கு முன்னால ஒரே ஒரு கொண்டி, ஆரும் ஒரு விரலால தூக்கலாம். தூக்கினால் கம்பி இழுத்து மணி அடிக்கும், லைன் முழுக்கக் கேக்கும். "இப்ப எல்லாரும் கள்ளராகுங்கோ. சத்தமில்லாமத் திறவுங்கோ பாப்பம்" எண்டன். ஒருத்தர் மணி நாக்கில துணி சுத்தினார். அதால மணியை உள்பக்கம் உயர்த்தி, கம்பி வலைக்குள்ள வைச்சன். இன்னொருத்தி கத்தரிக்கோலால கம்பியை வெட்டினா. கம்பியைக் குழாய்க்குள்ளால விட்டன். ஏழு தரம் களவெடுத்து ஏழு தரம் பிடிபட்டினம். பெரிய சிரிப்பு. செல்லத்துரையர் மட்டும் சிரிக்கேல்லை: "ஊரெல்லாம் திறக்கலாமெண்டால், பிறகென்ன கோதாரிக்கு அதைப் பூட்டெண்டு சொல்லுறியள்?"

குண்டு விழுந்த காலமை

சைரன் ஊதேக்க நான் வேலைத்தளத்தில. தண்ணி ஓடுற கானுக்க குப்புறக் கிடந்தன். நிலம் அதிர்ந்துகொண்டே இருந்தது. தலையைத் தூக்கினால் எங்கட லைன் பக்கம் கறுத்த புகை. எல்லாம் அடங்கமுந்தியே சைக்கிளை எடுத்திட்டன். ஆரோ கத்தினது கேட்டது, நிக்கேல்லை. போய்ப் பாத்தால் லைனில அரைவாசிக்குக் கூரை இல்லை. எங்கட வீட்டுச் சுவர் விழுந்து, குசினி இருந்த இடம் தெரியேல்லை. குழிக் கதவடிக்கு ஓடிப் போய், ஒரு விரலால தூக்கிற கொண்டியை ரெண்டு கையாலயும் தூக்கினன்.

உள்ளுக்கு எல்லாரும் இருந்தினம். எட்டு வீட்டு ஆக்களும். பூமணி பீப்பாயோட சாய்ஞ்சு இருந்தா. பக்கத்தில செல்லத்துரையர், கையில ஒரு உலக்கை. அவர்தான் சொன்னார். ஒத்திகை ஒத்திகை எண்டு கேட்டுச் சலிச்சு, சைரனுக்கு அண்டைக்கு ஒருத்தரும் அசையேல்லையாம், வாடனே தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவராம். பூமணி மட்டும்தான், தன்ரை நடை மெதுவெண்டு நேரத்தோட வெளிக்கிட்டிருக்கிறா. அவ கொண்டியைத் தூக்க மணி அடிச்சிருக்கு. மணி எண்டால் கள்ளன்! உலக்கை, பொல்லு, அகப்பை, கைக்கு வந்ததோட லைன் முழுக்க ஓடி வந்து கதவை வளைச்சிட்டுதாம். "எங்க தங்கச்சி கள்ளன்?" எண்டு செல்லத்துரையர் கத்த, பூமணி வானத்தைக் காட்டினாவாம்: "அந்தா வாறான். கெதியா உள்ள வாங்கோ!"

இப்ப

அந்த மாசக் கடைசியில மகள் பிறந்தாள். இப்ப எழும்பி நடக்கிறாள். சைரனுக்கு ஆக்கள் இப்பவும் ஆறுதலாத்தான் வெளிக்கிடுகினம், மணிக்கெண்டால் உலக்கையோட ஓடுகினம். ரெண்டுக்கும் வேற வேற சத்தம் வைக்கோணுமெண்டு செல்லத்துரையர் திருப்பிக் கூட்டம் கேக்கிறார். நான் பிடிகுடுக்காமல் திரியிறன்.

பொறுங்கோ, ஹனீபா நானா கூப்பிடுறார். "பிற்றர்! மணி அடிக்கிது, ஓடி வாங்க!"

நான் போறன், கள்ளனோ குண்டோ எண்டு பிரிச்சுச் சொல்ல நாங்கள் எல்லாருமாச் சேந்து செய்த பூட்டுக்குத் தெரியாது, கதவடிக்குப் போய்த்தான் பாக்கோணும்.