ஒரு கன்னம் மட்டும் சிவந்த அமுதா சித்தி

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போகச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். திருவள்ளூர் மருத்துவமனையிலிருந்து அப்பா பேசினார். அம்மாவின் தங்கை அமுதா சித்தி இறந்துவிட்டார். டெங்குக் காய்ச்சல் என்றார் மருத்துவர். பெரியப்பாவோ, "மூஞ்சிக்கு களிம்பு பூசிக்கினு உசுர வுட்டுட்டா" என்று எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுத்தபோது, "வாயத் தொறந்த, இஸ்கூலுக்கே அனுப்பமாட்டேன்" என்றார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் சித்தியோடு வேலை பார்த்த அக்காக்களே, உங்கள் அஞ்சலிக் கூட்டத்தில் இதைப் படிக்கப் போகிறேன்.

எனக்கும் சித்திக்கும் ஒரே சமயத்தில்தான் பரு வந்தது. "எனக்கு இன்னாடி இந்த வயசுல வயசுக் கோளாறு?" என்று சிரித்தார். தோல் மருத்துவர் எனக்கு அடாபலீன் என்ற களிம்பும் சித்திக்கு அதைவிட எரியும் ட்ரெட்டினாயின் களிம்பும் கொடுத்தார். எரிகிற மருந்துதான் நல்ல மருந்து என்று சித்தி நம்பினார். தன்னுடையதை இடது கன்னத்திலும் என்னுடையதை வலது கன்னத்திலும் பூசிப் பார்த்தார். தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று இரண்டையும் ஒப்பிடுவோம். வலது கன்னம் கொஞ்சம் வறண்டது. இடது கன்னம் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்தது. "இன்னாடி அமுதா, சிக்னல் வுழுந்துடுச்சா?" என்று நீங்கள்தானே கேலி செய்தீர்கள்!

மருத்துவர் திட்டினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சமாகப் பூசச் சொன்னார். எரிச்சல் அடங்கியது, பருவும் குறைந்தது. அதன்பிறகு சித்தி சொல்வார்: "எரியுதுன்னா வேல செய்யுதுன்னா அர்த்தம்? எரியுதுன்னா எரியுது, அவ்ளோதான்."

கவரைப்பேட்டை வளைகாப்பில் ஒரு பெரியம்மா எங்கள் இருவர் கன்னத்திலும் சந்தனம் அப்பினார். களிம்பு பூசிய தோல் சுள்ளென்று எரிய, அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினோம். "சந்தனத்துக்கே இந்தக் கூத்தா?" என்றார் அவர். "மூஞ்சி இன்னும் சர்வீஸ்ல கீதுக்கா!" என்றார் சித்தி. முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தோம்.

களிம்பின் சிவப்பு எனக்குத் தெரியும். பூசிய இடத்தில்தான் இருக்கும், தோல் உரியும். மருத்துவமனையில் நான் பார்த்தபோது சித்தியின் கைகள், கழுத்து, நெஞ்சு எல்லாம் சிவந்திருந்தன. எங்கும் தோல் உரியவில்லை; அது டெங்குவின் சிவப்பு. பருக் களிம்பை யார் கையில் பூசுவார்கள்? சித்தி அழகுக்கு ஆசைப்பட்டுச் சாகவில்லை. பெரியப்பா பேச்சைக் கேட்டுப் பயந்து உங்கள் பருக் களிம்பை நிறுத்திய அக்காக்களே, மருத்துவரைக் கேளுங்கள்.

பெரியப்பாவும் கூட்டத்துக்கு வருவார். அவர் முன்னால்தான் படிப்பேன். சித்தியின் சிரிப்பு எனக்கு வராது. வெளிச்சத்தில் பார்க்காமல் எதையும் சொல்லாத பழக்கம் மட்டும் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருக்கிறது. நான் பார்த்தேன். அதனால் சொல்கிறேன்.