மூன்றாம் மாடியில் ஒரே ஒரு ஸ்டூல்

என் சித்தி பத்தொன்பது வருடம் நின்றாள். பேச்சுக்காகச் சொல்லவில்லை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரை வரை, சாப்பாட்டுக்கு விடும் அரைமணி நேரம் நீங்கலாக, ஒரு பெரிய துணிக்கடையின் மூன்றாம் மாடியில், திரைத்துணிப் பிரிவில் நின்றாள். அந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. ஈ ஓட்டும் மத்தியான வேளையிலும் கூடாது. சுவரில் சாயவும் கூடாது, கேமரா பார்க்கும்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டு ஜன்னலை யாராவது கையை விரித்துக் காட்டினால் போதும். "நாலரை மீட்டர் எடுங்க, சுருக்கம் வச்சுத் தைக்கணும்ல?" என்பாள். தைத்து மாட்டினால் ஒரு சாண் மிஞ்சாது. மாடியில் அவளுக்கு 'டேப்பக்கா' என்று பெயர். அவள் டேப்பைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை என்பதுதான் கேலி.

உட்காரத் தடை இருந்தாலும் அந்தப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து துணி எடுக்கும்போது குந்தலாம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆகவே நன்றாக விற்கும் துணிச் சுருள்களையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தட்டுக்கு இறக்கிவிட்டார்கள். யாராவது சாம்பல் நிறத் துணி கேட்டால் நான்கு பேர் "நான் எடுக்கிறேன், நான் எடுக்கிறேன்" என்று பாய்வார்கள். "நம்ம பொண்ணுங்களுக்கு என்ன சுறுசுறுப்பு பாருங்க!" என்று சூப்பர்வைசர் வருகிறவர்களிடமெல்லாம் மெச்சிக்கொள்வார்.

ஆறு வருடம் இது ஓடியது. பிறகு முதலாளியின் மகன் படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வந்தார். சின்ன முதலாளி கையில் நோட்டுப் புத்தகத்தோடு மாடி மாடியாக நடந்தார். "நல்லா விக்கிற சரக்கு கஸ்டமர் கண்ணுக்கு நேரா இருக்கணும். இதை எந்த மூளை கீழ வச்சது?" என்றார். எந்த மூளையும் வாய் திறக்கவில்லை. மறுநாளே சுருள்கள் எல்லாம் மார்பு உயரத்துக்கு ஏறின. அடித்தட்டில் யாரும் சீண்டாத ஊதாப் பூத்துணி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு மட்டும் உட்கார அனுமதி இருந்தது.

அடுத்த மாதம் சித்தியின் இடது கணுக்காலில், புடைத்திருந்த நரம்புக்குப் பக்கத்தில், தோல் உடைந்து புண்ணானது. "நிக்கிறதைக் குறைங்கம்மா" என்றார் டாக்டர்.

"என் வேலையே அதுதான் டாக்டர்."

அந்தக் காலோடுதான் கடையின் ஆண்டுவிழாவுக்கு நின்றாள். தரைத்தளத்தில் ஊழியர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலிகள், ஒன்றில் முதலாளி, ஒன்றில் மகன். மகன் எழுந்து பேசினார். உழைப்பவன் உயர்வான், உயராதவன் உழைக்கவில்லை என்று அர்த்தம் என்றார். எல்லாரையும் சமமாக்கினால் யாரும் கையை அசைக்க மாட்டார்கள் என்றார். பிறகு, மேலே நாலு பேர், கீழே நாற்பது பேர் என்பது பெரியவர்கள் யோசித்து வகுத்த முறை, அதைக் கலைத்தால் ஒழுங்கு கெடும் என்றார். இந்த இரண்டு வாதமும் ஒன்றையொன்று அடிக்கும். உழைப்புதான் ஒருவனை மேலே ஏற்றுகிறது என்றால் பெரியவர்கள் முறை வகுத்துக் காக்க வேண்டிய அவசியம் என்ன? அப்பா கட்டிய கடையில் மகனுக்கு நாற்காலி போட்டது எந்த உழைப்பு? ஆனால் மேடையில் நின்று சொல்லும்போது இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வரும். சேர்ந்தே சித்தியின் கால்மேல் பாரமாக வந்து விழும்.

"நானும் இதே கடையில நின்னவன்தான். நின்னேன், அதனாலதான் இன்னிக்கு உட்கார்றேன்" என்று முடித்தார். "நாம ஒரே குடும்பம். ஏதாவது கேக்கணும்னா கூச்சப்படாம கேளுங்க."

யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொன்னது. சித்தி கையைத் தூக்கிவிட்டாள்.

"நீங்க எத்தனை நாள் நின்னீங்க சார்?"

"காலேஜ் லீவுல. ரெண்டு மாசம் முழுசா."

"நான் பத்தொன்பது வருஷம் சார். எனக்கு எப்போ முறை வரும்?"

பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு பாதியில் அடங்கியது. சின்ன முதலாளியும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை என்று இன்றும் பலர் சொல்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து மூன்றாம் மாடிக்கு ஒரு ஸ்டூல் வந்தது. பித்தளைத் தகட்டில் 'சிறந்த ஊழியர்' என்று பொறித்திருந்தது. டேப்பக்காவுக்கு மட்டும். சூப்பர்வைசர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். "பாத்தீங்களா? தகுதி இருந்தா தானா வரும்."

முதல் நாள் சித்தி உட்கார்ந்தாள். கால் அவளைக் கேட்கவில்லை, தானே மடங்கிவிட்டது. ஆனால் பக்கத்துப் பிரிவிலிருந்த போர்வைக்காரி அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. போர்வைப் பிரிவில் நிற்பதால் அந்தப் பெயர், சித்தியைவிடப் பத்து வயது சின்னவள். மாலையில்தான் வாயைத் திறந்தாள்.

"மகாராணிக்குக் காத்து வீசணுமா?"

"வீசுடி. வீசிட்டு வந்து நீ உட்காரு, நான் வீசுறேன்."

மறுநாளிலிருந்து முறை வைத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மட்டும். வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்ணுக்கு இருபது. நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இது தகுதிக்குக் கொடுத்தது, தர்மத்துக்கு இல்ல. எல்லாருக்கும் பங்கு போடப் போய் இப்ப ஒருத்தருக்கும் இல்லாம ஆக்கிட்டீங்க டேப்பக்கா. யார் தப்பு?"

அவர் தூக்கிக்கொண்டு போகிறார், தப்பு அவளுடையது! இதைவிட எனக்கு எரிச்சல், அந்த மாடியில் இரண்டு பேர் அதை நம்பியதுதான். "பேசாம நீங்களே வச்சுக்கிட்டிருக்கலாம்க்கா" என்றார்களாம்.

சித்தி ஒரு சுருளை இறக்கித் தரையில் விரித்தாள், அதன் அருகில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எழுந்திரிங்க" என்றார் திரும்பி வந்த சூப்பர்வைசர்.

"அளந்துட்டு இருக்கேன் சார்."

"நீங்க எப்போ அளந்தீங்க?"

"இன்னிக்குத்தான் கத்துக்கிறேன்."

அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அலுவலகத் தமிழில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள், எனக்கு அந்தத் தமிழும் தெரியும், வீட்டுத் தமிழும் தெரியும். 'பணி நேரத்தில் அமர்ந்த நிலையில் காணப்பட்டார்' என்று படித்துச் சொன்னேன்.

"திருடினவளைச் சொல்ற மாதிரி இருக்கே" என்றாள் சித்தி.

கீழே மன்னிப்புக் கேட்கும் வாசகத்தை அவர்களே அச்சடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு.

"போட்டுட்டுப் போயேன். கையெழுத்துப் போட்டா கையா தேஞ்சுடும்?" என்றார் சித்தப்பா.

"கை தேயாது. கால்தான் தேயும்."

என்னைப் பதில் எழுதச் சொன்னாள். "உட்கார்ந்தேன். கால்ல புண். இன்னும் பல பேருக்குக் கால் வீங்கியிருக்கு. எல்லாருக்கும் ஸ்டூல் போடுங்க, வர்றேன். அவ்வளவுதான்." எழுதி வாசித்துக் காட்டினேன். முதல் வார்த்தை என்ன என்று கேட்டாள்.

"'பணிவுடன்'. வழக்கமா போடுறதுதான் சித்தி."

"எடுத்துடு."

எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் தானே கொண்டுபோனாள். அவளை உள்ளே விட வேண்டாம் என்று காவலாளிக்கு உத்தரவு. கடை வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டு அரைமணியில் போர்வைக்காரி இறங்கி வந்து, கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, "என் பேருக்கு இடம் இருக்கா?" என்றாள். தாளின் பின்பக்கம் வெற்றாகத்தான் இருந்தது. மாடிப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வர, அரைமணி முடிவதற்குள் ஒன்பது கையெழுத்து விழுந்தது. படியில் வைத்துப் போட்டதில் எழுத்தெல்லாம் கோணல்மாணல். போர்வைக்காரியே அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இன்றோடு ஐந்து வாரம். கடை பதில் எழுதவில்லை. ஒன்பது பேரையும் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி வேறு வேறு மாடிக்கும் பிரிவுக்கும் மாற்றிவிட்டார்கள். சித்தி வீட்டிலிருந்தே நாலு வீட்டுத் திரைச்சீலை தைக்கிறாள், முன்பு வாங்கியதில் பாதிகூட வருவதில்லை. கால்புண் ஆறிவிட்டது.