சித்தி விற்ற வீடு

எங்கள் வீட்டில் பேச்சு என்பது முழுக்க அப்பாவின் இலாகா. அம்மாவின் தங்கையான சித்தியோ காலிங்பெல் அடித்தாலே பாத்ரூமுக்குள் புகுந்துகொள்வாள். அப்படிப்பட்டவளைக் கணக்குப் பார்க்க வேலைக்கு எடுத்த கட்டுமானக் கம்பெனி, பெருங்களத்தூரில் அடுக்குமாடி வீடுகளை விற்கச் சொல்லிவிட்டது. மாதம் முடிவதற்குள் ஒரு வீடாவது விற்காவிட்டால் வரவேண்டாம் என்று மேனேஜர் கறாராகச் சொன்னார். வேலை போனால் ஊருக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துவைக்கத் தாத்தா தயாராக இருந்தார். சித்திக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அப்பா களத்தில் இறங்கினார். எங்கள் இரும்புலியூர் வீட்டு ஃபிரிட்ஜை வாடிக்கையாளராகப் பாவித்து, சிரித்த முகத்தோடு வரவேற்கச் சொன்னார். சித்தி ஃபிரிட்ஜைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், சித்தி என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனாள். தாம்பரத்திலிருந்து ஓர் ஆசிரியர் மனைவியோடு வந்தார். மூன்றாம் மாடி வீட்டைத் திறந்துவிட்டதோடு சித்தியின் பேச்சு தீர்ந்துபோயிற்று.

“கிச்சன் சின்னதா இருக்கே மேடம்,” என்றார் ஆசிரியர்.

சித்தி கிச்சனைப் பார்த்தாள். பொறுக்கமாட்டாமல் அவர் மனைவியே வாயைத் திறந்தார்.

“நீங்க என்னிக்கு கிச்சனுக்குள்ள வந்தீங்க, சின்னதா பெருசான்னு சொல்றதுக்கு?”

ரயில் சத்தம் கேட்குமே என்றார் அவர். சித்தி ஜன்னலைப் பார்த்தாள். இவர் குறட்டைக்கு ரயில் எவ்வளவோ தேவலாம் என்றார் மனைவி. பஸ் ஸ்டாப் தூரம் என்று மனைவி குறைப்பட்டதும், நடந்தால் சுகர் குறையும் என்று கணவர் வீட்டுக்காக வாதாடினார். இப்படியே இருவரும் சேர்ந்து அந்த வீட்டைத் தங்களுக்கே விற்றுக்கொண்டார்கள். விலையைக் குறைக்கச் சொன்னபோது சித்தி தரையைப் பார்த்தாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்யும் என்று அவர்களே விட்டுவிட்டார்கள்.

“மத்த இடத்துல பேசியே கொன்னுட்டாங்கம்மா. இங்கதான் நிம்மதியா யோசிக்க முடிஞ்சுது,” என்று சொல்லி, ஆசிரியர் அன்றே அட்வான்ஸ் கொடுத்தார்.

எல்லாம் தன் பயிற்சியின் பலன் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சித்தி பலே தந்திரக்காரி என்று நான் வகுப்பில் பீற்றிக்கொண்டேன். இன்று அவள் அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவுக்கே தலைவி. போன் செய்தால் மட்டும் எடுக்கமாட்டாள். மெசேஜ் அனுப்பச் சொல்லுவாள்.

அன்று ஆசிரியரும் மனைவியும் கிளம்பும்வரை சித்தி என் கையை விடவே இல்லை. விரலெல்லாம் வலித்தது. அவள் உள்ளங்கை சில்லிட்டு ஈரமாக இருந்தது. பால்கனிக்கு இன்னும் கம்பி போடாத வீடு. நான் விழுந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.